பச்சை பிரௌனி ஏன் பழுப்பானது?

கேள்வி: இங்கே வாங்கிய கிரீன் டீ இலையை மிக்ஸியில் அரைத்து பிரௌனி செய்தேன். நறநறவென்று, கசப்பாக, பஞ்சு கேக் போல உலர்ந்துவிட்டது. நிறமும் பழுப்பு. எங்கே தவறினேன்?
– வாசகி, கோத்தகிரி

பதில்: இலைதான் காரணம். நம் மலை கிரீன் டீயைக் கொதிநீரில் ஊறவைத்துக் குடிப்பதே அழகு; எவ்வளவு அரைத்தாலும் நாக்கில் மணல்போலத்தான் படும். இதற்கு வேண்டியது மாட்சா என்ற ஜப்பானிய கிரீன் டீ பொடி. பறிப்பதற்குச் சில வாரங்கள் முன்பே செடிக்கு நிழல் போட்டு, இலையை ஆவியில் காட்டி உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி அரைப்பார்கள். விரலில் தேய்த்தால் டால்கம் பவுடர்போல வழுக்கும்.

குன்னூரில் என் அடுப்பில் நான் செய்வது இது: 100 கிராம் வெண்ணெயை உருக்கி, அடுப்பிலிருந்து இறக்கியபின் 150 கிராம் வெள்ளை சாக்லேட்டைப் போட்டுக் கரைப்பேன். கோகோ சேர்த்தால் பச்சை காணாமல் போகும். அப்புறம் சர்க்கரை 100 கிராம், முட்டை 2, மைதா 90 கிராம், மாட்சா 12 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. மாட்சாவை மைதாவோடு இரண்டு முறை சலியுங்கள், இல்லையென்றால் கட்டி தட்டும். மைதா மறைந்ததும் கரண்டியை வைத்துவிடுங்கள்.

பேக்கிங் பவுடர் வேண்டவே வேண்டாம். நம் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. மாவு வேகமாக உப்பும், ஈரமும் சீக்கிரம் போகும். உங்கள் பிரௌனி பஞ்சானதற்கு அதுவும் காரணமாயிருக்கும்.

8 அங்குலத் தட்டில், 160 டிகிரியில், 20ஆம் நிமிடமே பாருங்கள். ஓரம் இறுகி, நடுவில் லேசாக ஆடினால் எடுத்துவிடலாம். கூடுதலாக வெந்தால் பச்சையும் மங்கும். சூட்டோடு வெட்டாதீர்கள், இரண்டு மணி நேரம் ஆறட்டும்.