கரன்ட் போய் வந்தால் பாட்டு ஓடவில்லை: நாவிட்ரோமில் எங்கே கோளாறு?

கேள்வி: பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு, டாக்கரில் (மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) நாவிட்ரோம் என்ற பாட்டு சர்வரை ஓட்டுகிறேன். பாட்டுகள் யுஎஸ்பி ஹார்டு டிஸ்கில். கரன்ட் போய் வந்தால் ஒரு பாட்டும் ஓடுவதில்லை; கண்டெய்னரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. ஒரே படத்துப் பாட்டுகள் ஐந்தாறு ஆல்பமாகச் சிதறிக் கிடக்கின்றன. வெளியூரிலிருந்தும் கேட்க முடியுமா?

பதில்: ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது என்பதே காரணத்தைக் காட்டிவிடுகிறது. கரன்ட் வந்ததும் டாக்கர் முந்திக்கொள்கிறது. டிஸ்க் சுழன்று மவுன்ட் ஆக, அதாவது ஒரு ஃபோல்டராக லினக்ஸில் இணைய, சில நொடிகள் பிடிக்கும். அதற்குள் கண்டெய்னர் கிளம்பிவிட்டால், டிஸ்க் வரவேண்டிய இடத்தில் இருக்கும் காலி ஃபோல்டர்தான் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு டிஸ்க் வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் கண்டெய்னருக்கு அது தெரியாது.

முதலில், எந்த டிஸ்க் எங்கே மவுன்ட் ஆகவேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (/etc/fstab) கோப்பில் டிஸ்கை அதன் மாறாத அடையாள எண்ணான யுயுஐடி (UUID) கொண்டு குறிப்பிடுங்கள். எஸ்டிபி (sdb), எஸ்டிசி (sdc) போன்ற பெயர்கள் ரீபூட்டுக்கு ரீபூட் மாறலாம். அதே வரியில் 'நோஃபெயில்' (nofail) சேர்க்காவிட்டால் டிஸ்க் இல்லாத நாளில் மெஷினே பூட் ஆகாமல் நின்றுவிடலாம். அடுத்து, லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பும் சிஸ்டம்டியில், டாக்கர் சர்வீஸின் அமைப்பில், யூனிட் ([Unit]) பகுதியில் 'ரிக்வையர்ஸ் மவுன்ட்ஸ் ஃபார்' (RequiresMountsFor=) என்ற வரியில் மவுன்ட் பாதையைக் கொடுங்கள். டிஸ்க் வந்த பிறகே டாக்கர் கிளம்பும். டிஸ்க் செத்துப்போனால் மற்ற கண்டெய்னர்களும் எழாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கோளாறான நேரத்தில் நாவிட்ரோமின் ஸ்கேன் ஓடியிருந்தால் பாட்டுகள் அதன் 'மிஸ்ஸிங்' பட்டியலுக்குப் போயிருக்கலாம். அங்குள்ள நீக்கு பட்டனைத் தொடாதீர்கள். ரேட்டிங்கும் கேட்ட கணக்கும் போய்விடும். டிஸ்க் வந்ததும் மறு ஸ்கேன் போதும். பாட்டு ஃபோல்டரை ரீட்-ஒன்லியாகக் கொடுங்கள். நாவிட்ரோமின் டேட்டா ஃபோல்டர் மெஷினின் சொந்த எஸ்எஸ்டியில் இருக்கட்டும். உள்ளே இருப்பது எஸ்க்யூலைட் டேட்டாபேஸ்; நெட்வொர்க் ஷேரில் வைத்தால் லாக்கிங் (எழுதும்போது கோப்பைப் பூட்டுவது) தகராறு செய்யும். பேக்கப் எடுக்கவேண்டியதும் இந்த ஃபோல்டரைத்தான்.

ஆல்பம் சிதறுவது சினிமா பாட்டு வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் வரும் தலைவலி. நாவிட்ரோம் ஃபோல்டரைப் பார்ப்பதில்லை, பாட்டுக் கோப்புக்குள் எழுதியிருக்கும் விவரமான டேக்கைத்தான் பார்க்கிறது. 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' காலியாக இருந்தால் பாடகர் பெயரை அங்கே எடுத்துக்கொள்ளும்; ஐந்து பாட்டுக்கு ஐந்து பாடகர் என்றால் ஐந்து ஆல்பம். பிக்கார்டு அல்லது எம்பி3டேக் என்ற டேக் திருத்தும் மென்பொருளில் படத்தின் எல்லாப் பாட்டையும் மொத்தமாகத் தேர்ந்து, அந்த இடத்தில் இசையமைப்பாளர் பெயரைப் போடுங்கள். புள்ளி, இடைவெளி உட்பட ஒரே எழுத்துக்கூட்டல் வேண்டும். வெளியீட்டுத் தேதி டேக் ஒன்றுக்கொன்று மாறியிருந்தாலும் ஆல்பம் பிரியும். திருத்தியும் மாறவில்லையா? டேக் மென்பொருள் கோப்பின் பழைய தேதியை அப்படியே காப்பாற்றியிருக்கும். ஃபுல் ஸ்கேன் ஓட்டுங்கள்.

வெளியூர் விஷயத்தில், ரவுட்டரின் வான் (WAN) ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்கு (CGNAT, பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் வழியே உள்ளே விடும் போர்ட் ஃபார்வேர்டிங் பலிக்காது. பலித்தாலும் நாவிட்ரோமின் 4533 போர்ட்டை அப்படியே இணையத்தில் திறந்துவிடுவது நல்லதல்ல. டெஸ்க்டாப்பிலும் போனிலும் உங்கள் கருவிகளைத் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெய்ல்ஸ்கேல் போட்டு, அது டெஸ்க்டாப்புக்குத் தரும் முகவரியுடன் 4533 சேர்த்து, நாவிட்ரோமோடு பேசத் தெரிந்த சப்சோனிக் வகை ஆப்பில் கொடுங்கள். ஆப்பில் மொபைல் டேட்டாவுக்கு 128 கேபிபிஎஸ் ஓபஸ் (சுருக்கிய ஒலி வடிவம்) என்று வைத்தால் மணிக்கு ஏறத்தாழ 58 எம்பிதான் செலவாகும். தரம் குறையாத 900 கேபிபிஎஸ் ஃப்ளாக் என்றால் 400 எம்பி தாண்டும். பாட்டை ஓபஸாக மாற்றித்தரும் எஃப்எஃப்எம்பெக் நாவிட்ரோமின் டாக்கர் இமேஜிலேயே இருக்கிறது, தனியாக நிறுவ வேண்டாம்.