ராத்திரி டயப்பர் மாற்றினால் குழந்தை விழித்துக்கொள்கிறதா?

பால் குடித்து அசந்த இரண்டு மாதக் குழந்தை, டயப்பர் மாற்றியதும் விழித்துக்கொண்டு ஒரு மணி நேரம் தூங்குவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். சிக்கலே அந்த வரிசையில்தான். பாதிப் பால் குடித்ததும் மாற்றிவிட்டு, மீதியைக் கொடுங்கள். குடித்தபடியே கண் சொருகிவிடும். வெறும் சிறுநீர் என்றால், டயப்பர் கனத்துத் தொங்காதவரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியதில்லை. மலம் கழித்திருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள், தோல் சிவந்துவிடும். பெரிய விளக்கும் வேண்டாம், பேச்சும் வேண்டாம் (அந்தப் பொக்கைச் சிரிப்பைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பதுதான் கஷ்டம்!). அப்புறம், வைப்ஸை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்திவைத்து, சில்லிப்பு போனதும் துடையுங்கள். எங்கள் வீட்டில் பாதி அழுகை அதிலேயே நின்றது. முதுகுப் பக்கம் கசிந்தால் ராத்திரிக்கு மட்டும் ஓர் அளவு பெரியதைப் போட்டுப் பாருங்கள்.