குதிகால் எழும்பினால் என்ன செய்வது?

கேள்வி: பார்பெல்லை (இரு முனைகளிலும் எடைத்தட்டு மாட்டும் நீண்ட கம்பி) தோளில் ஏற்றி ஸ்குவாட், அதாவது அமர்ந்தெழும் பயிற்சி, செய்யப் பழகிவருகிறேன். இறங்கும்போது குதிகால் தரையை விட்டு எழும்புகிறது. முழங்கால் விரல்நுனியைத் தாண்டக் கூடாது என்றும் எச்சரிக்கிறார்கள். எப்படித் திருத்திக்கொள்வது?

பதில்: அந்த எச்சரிக்கையை விதியாகக் கொள்ள வேண்டாம். தொடையெலும்பு நீளமானவர்களுக்கு முழங்கால் தாண்டுவது இயல்பே. அதை வலிந்து தடுத்தால் உடல் முன்சாய்ந்து, பாரம் இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் மாறிவிடும். முழங்கால் உள்நோக்கிச் சரியாமல், விரல்கள் காட்டும் திசையிலேயே செல்கிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். குதிகால் எழும்புவதற்குப் பெரும்பாலும் கணுக்காலின் இறுக்கமே காரணம் என்பதால், பாதங்களைத் தோளகலத்தைவிடச் சற்று அகட்டி, விரல்களை வெளிப்புறம் திருப்பி வைத்துப் பாருங்கள். மெத்தென்ற ஓட்டக் காலணி வேண்டவே வேண்டாம்.

வழக்கமான ஒலிம்பிக் பார் (பார்பெல்லின் கம்பி) எடைத்தட்டு எதுவும் மாட்டாமலேயே 20 கிலோ எடை கொண்டது. ஆகவே முதலில் ஒரு டம்பெல்லை மார்போடு அணைத்துப் பிடித்து அமர்ந்தெழுந்து பழகுவதையே நான் பரிந்துரைப்பேன். பின்னர் வெறும் பாரைப் பிடரி எலும்பின் மீதல்லாமல், அதற்குக் கீழுள்ள தோள்தசையின் மேல் அமர்த்தி, மூச்சை ஆழ இழுத்து வயிற்றை இறுக்கிக்கொண்டு, தொடை தரைக்கு இணையாகும்வரை இறங்குங்கள். கீழ்முதுகு வளையத் தொடங்கினால் அதற்கு முன்பே நின்றுவிடுங்கள். எடை ஏற்றிய பிறகு, பாரைத் தாங்கும் சட்டமான ரேக்கின் பாதுகாப்புக் கம்பிகளைப் பொருத்தாமல் ஒருமுறைகூட இறங்காதீர்கள்.