வெள்ளமும் காப்பீடும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: புயலால் மகள் கல்யாணம் தள்ளிப்போனது. மண்டப முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

ப: மண்டபத்துக்குள் தண்ணீர் புகுந்ததா, விருந்தினர் வர முடியவில்லையா? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். பதிலே அதில்தான் இருக்கிறது. மண்டபம் மூழ்கியிருந்து, ரசீதில் தனி நிபந்தனையும் இல்லையென்றால், ஒப்பந்தச் சட்டம் 56, 65ஆம் பிரிவுகள்படி பணத்தைத் திருப்பித் தர வேண்டும். மண்டபம் தயாராக இருந்து நீங்கள் போகவில்லை என்றால் ரசீதில் உள்ளதுதான். எதையும் எழுத்தில் கேளுங்கள்.

கே: வெள்ளத்துக்குப் பின் கம்பி, மணல் விலை ஏறிவிட்டது, பேசிய தொகைக்கு வீட்டை முடிக்க முடியாது என்கிறார் கான்ட்ராக்டர்.

ப: விலை ஏறியதால் மட்டும் ஒப்பந்தம் முறியாது. இந்தோனேசிய நிலக்கரி விலை ஏறியபோது மின் நிறுவனங்கள் வைத்த இதே வாதத்தை 2017இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

கே: ஜவுளிக்கடையில் 40 லட்சம் சரக்கு. 16 லட்சம் நஷ்டம். வங்கி எடுத்துத் தந்த பாலிசி 15 லட்சத்துக்கு இருந்தும் 6 லட்சம்தான் தருவார்களாம். அநியாயம் இல்லையா?

ப: கணக்கு சரிதான். 40க்கு 15 என்று காப்பீடு செய்தால் எந்த நஷ்டத்திலும் அந்த விகிதம்தான் வரும். சிறு தொழில் பாலிசியில் 15 சதவீதக் குறைவு வரை விட்டுக்கொடுப்பார்கள். உங்கள் குறைவு 60 சதவீதத்தைத் தாண்டுகிறது.

ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் இதே கடிதம் வருகிறது, எனக்கும் இதே கோபம் வருகிறது. வங்கி பெரும்பாலும் தன் கடனைப் பார்த்துப் பாலிசி எடுக்கிறது, உங்கள் சரக்கைப் பார்த்து அல்ல. பிரீமியம் உங்கள் கணக்கில் கழிகிறது. பாலிசியோ வங்கிக் கோப்பில் கிடக்கிறது. நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தபின் எடுத்துப் பார்த்தால் பழைய கடை முகவரி இருக்கும், பின்தெரு குடோன் விட்டுப்போயிருக்கும். நாளைக்கே நகல் வாங்கித் தொகை, முகவரி, சரக்கு வகை மூன்றையும் பாருங்கள். தீபாவளிச் சரக்கு இறங்குமுன் தொகையைக் கூட்டச் சொல்லுங்கள், எழுத்தில். கொடுத்த கடிதத்தின் நகலில் வங்கி முத்திரை வாங்குங்கள்.

இப்போதைக்கு, முழுத் தீர்வு என்று எழுதிய வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள். சர்வேயர் அறிக்கையைக் கேட்டு, 40 லட்சம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று பாருங்கள். வெள்ளத்தன்று இருந்த இருப்பா, வங்கிக்குக் கொடுத்த பழைய ஸ்டாக் கணக்கா? பிழை இருந்தால் கம்பெனிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் திருப்தியில்லை என்றால், காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது.

கே: இரண்டு வாரம் வீட்டில் தண்ணீர். வாடகை தர வேண்டுமா?

ப: பொதுவாக வேண்டும். நிரந்தரமாகக் குடியிருக்க முடியாதபடி வீடு சேதமானால்தான் சட்டப்படி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் குறைத்துக்கொள்கிறேன் என்றால் எழுத்தில் வாங்குங்கள்.

கே: பக்கத்து வீட்டு மதில் என் கார் மேல் விழுந்தது. தெய்வச் செயல் என்கிறார்.

ப: சென்னையில் நவம்பர் மழை எதிர்பாராததா? மதிலில் ஏற்கெனவே விரிசல் இருந்து, நீங்கள் எச்சரித்தும் இருந்தால் அந்த வாதம் நிற்பது கடினம். வாட்ஸாப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தாலும் எழுத்துதான், அழித்துவிடாதீர்கள்.

கே: மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

ப: கூடவே கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பி வரும் சேதத்தைச் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள்; எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீட்டைத் தனியாக எடுத்திருக்க வேண்டும். தண்ணீர் நின்ற மட்டத்தைப் படமெடுங்கள், கம்பெனிக்குச் சொல்லுங்கள், கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள். பிறருக்கு நேரும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் என்றால் ஒன்றும் வராது.