‘போல’ இல்லாத உவமை

கேள்வி: உவமையணி, எடுத்துக்காட்டு உவமையணி, பிறிது மொழிதல் அணி ஆகிய மூன்றையும் தேர்வில் குழப்பிக்கொள்கிறேன். பிரித்தறிவது எப்படி?
– பத்தாம் வகுப்பு மாணவி, மயிலாப்பூர், சென்னை.

பதில்: செய்யுளில் உவம உருபு (உவமையைப் பொருளோடு இணைக்கும் ‘போல’ முதலிய சொல்) உள்ளதா என்று முதலில் பாருங்கள். ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல’ என்னும் குறளில் ‘போல’ வெளிப்படையாக நிற்பதால் அது உவமையணி. ‘அகர முதல எழுத்தெல்லாம்’ என்னும் முதற்குறளில் உவமை ஒரு தொடராகவும் பொருள் (உவமையால் விளக்கப்படும் கருத்து) மற்றொரு தொடராகவும் அமைந்து, உருபு மறைந்திருப்பதால் அது எடுத்துக்காட்டு உவமையணி.

மாணவர்கள் பெரும்பாலும் இடறுவது மூன்றாவதில்தான். ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்னும் 475ஆம் குறள், மயிலிறகே ஆயினும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதோடு நின்றுவிடுகிறது. எளிய பகைவரும் பலராய்த் திரண்டால் வலியவன் வீழ்வான் என்னும் கருத்தை, ‘வலியறிதல்’ என்ற அதிகாரத் தலைப்பைத் துணைக்கொண்டு நாமே வருவித்துக்கொள்கிறோம். இவ்வாறு உவமையை மட்டும் கூறிப் பொருளைப் பெறவைப்பதே பிறிது மொழிதல். (அணியிலக்கண நூலாகிய தண்டியலங்காரம் இதனை ‘ஒட்டு’ என்று வழங்கும், தேர்வுக்கு அப்பெயர் வேண்டியதில்லை.) விடை எழுதும்போது அணியின் இலக்கணத்தோடு நிறுத்திவிடாமல், உவமை எது, பொருள் எது, உருபு வந்துள்ளதா என்பதையும் அக்குறளோடு பொருத்திக் காட்டுங்கள்.