கம்பத்த தொடலாமா, கூடாதா?

கேள்வி: டிவில பனிச்சறுக்கு ஸ்லாலம் பார்த்தேன் சார். ஒவ்வொரு கம்பத்தையும் கையால பட்டு பட்டுனு அடிச்சு சாய்ச்சுக்கிட்டே போறாங்க, யாரும் ஒண்ணும் சொல்லல. ஆனா ஒலிம்பிக் படகு ஸ்லாலம்ல துடுப்பு லேசா உரசுனாலே நேரத்த கூட்டிடுறாங்க. ரெண்டுக்கும் ஒரே பேர்தானே, ஏன் இப்படி?
- ஒரு வாசகி, தேனி

பதில்: நல்லா கவனிச்சிருக்கீங்கம்மா. பனியில நடுவர் பாக்குறது காலத்தான். ரெண்டு ஸ்கீயோட முனையும் ரெண்டு பாதமும் கம்பத்துக்கு சரியான பக்கமா போயிடணும், உடம்பு எங்க சாஞ்சாலும் கவலையில்ல. முன்னாடியெல்லாம் கம்பம் விறைப்பா நிக்கும், மோதுனா அடி பலமா விழும், அதனால முழு உடம்பையும் சுத்திக் கொண்டு போகணும். 1980கள் ஆரம்பத்துல அடியில மடங்கி, படுத்து, திரும்ப எந்திரிக்கிற கம்பம் வந்துச்சு பாருங்க, அப்ப எல்லாமே மாறிடுச்சு. காலு கம்பத்த ஒட்டி வெளிப்பக்கம் போகுது, உடம்பு உள்பக்கம் சாயுது, நடுவுல நிக்கிற கம்பத்த ஒதுக்கித்தானே ஆகணும்? முழங்காலுக்குக் கீழ தடுப்பு, கையில கவசம், ஹெல்மெட்ல வாய்க்கு முன்னாடி கம்பி, எல்லாம் இதுக்குத்தான். அடிக்கிறதால வேகம் வர்றதில்ல, குறுக்கு வழியில போறதாலதான் அடி விழுது. ஒரே ஒரு ஸ்கீ முனை தப்பான பக்கம் போனாலும் அவ்ளோதான், ஆட்டம் முடிஞ்சது. ஆண்களுக்கு 55ல இருந்து 75 கேட் (கம்பம் வச்சுக் குறிச்ச வாசல்) வரைக்கும், ஒரு நிமிஷத்துக்குள்ள. யோசிச்சுப் பாருங்க!

ஸ்லாலம்ங்கிற இந்தப் பேரு நார்வேக்காரங்க பாஷையில இருந்து வந்தது, சரிவுல விழுந்த தடம்னு அர்த்தம். 1933ல சுவிட்சர்லாந்துல இத தண்ணிக்குக் கொண்டு வந்தாங்க.

அங்க கம்பம் மேல கட்டுன கம்பியில இருந்து தொங்குது. தொட்டா தப்பில்லன்னு விட்டா எல்லாரும் துடுப்பால தள்ளிவிட்டுட்டு நேரா போயிடுவாங்க, அப்புறம் என்ன தடை, என்ன போட்டி? அதனால உரசுனா 2 நொடி, கேட்டையே விட்டுட்டா 50 நொடி. பச்சைக் கம்பம் தண்ணி போற பக்கமா, சிவப்பு எதிர்த்து ஏறி. சிவப்புலதான் உயிர் போகும், ஓடுற தண்ணியில இருந்து சட்டுனு ஒதுங்கி, படகோட பின்பக்கத்த அமுக்கித் திருப்பி, தோளுக்கும் கம்பத்துக்கும் நடுவுல ஒரு சாண்கூட இருக்காது.

அந்த உரசல் என்ன பண்ணும்னு 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ல பார்த்தோம். ஆஸ்திரேலியாவோட ஜெசிக்கா ஃபாக்ஸ் கயாக் (உட்கார்ந்து, ரெண்டு பக்கத் துடுப்போட ஓட்டுற படகு) ஃபைனல்ல ரெண்டு தடவை கம்பத்த தொட்டுட்டாங்க, 4 நொடி கூடி 106.73 நொடி ஆச்சு. ஜெர்மனியோட ரிகார்டா ஃபுங்க் 105.50ல தங்கம். அந்த 4 நொடி இல்லன்னா ஃபாக்ஸ்தான் முதல், கடைசில வெண்கலம்தான் கிடைச்சது. அந்த ஓட்டத்த இப்ப பார்த்தாலும் மனசு கெடந்து அடிச்சுக்குது எனக்கு. ரெண்டே நாள்ல அதே தண்ணியில, ரெண்டு முட்டியும் போட்டு ஒத்தைப்பக்கத் துடுப்போட ஓட்டுற கேனோ போட்டி, பெண்களுக்கு ஒலிம்பிக்ல அதுதான் முதல் தடவை. அதுல ஃபாக்ஸ் ஒரு கம்பத்தையும் தொடாம இறங்கி வந்து தங்கத்த வாங்குனாங்க.