தைரியம் சொல்கிறவர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. போன மாசியில் புளி உலுக்க மரமேறிய என் தம்பி, கிளை முறிந்து விழுந்துவிட்டான். வயது 26. ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் என்னையும் அப்பாவையும் தனியாகக் கூப்பிட்டார். மார்புக்குக் கீழே தண்டுவடம் முழுதாக அடிபட்டிருக்கிறது, கைகளுக்கு ஒன்றுமில்லை, ஆனால் இனி நடக்க வாய்ப்பில்லை, வீல்சேருக்குப் பழக வேண்டும் என்றார். இதைத் தம்பியிடம் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் "நல்லதே நினை, நல்லதே நடக்கும்" என்கிறார்கள். மாமா, "அடுத்த கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு நீயே நடந்து வந்து தேங்காய் உடைப்படா" என்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தினம் காலையில் ஒரு தன்னம்பிக்கை வீடியோ வந்துவிடும். வீல்சேரைப் பார்த்தால் அவன் மனசு விட்டுப்போய்விடும் என்று அம்மா அதைப் பழைய புடவை போட்டு மூடி வைத்திருக்கிறார். வாசலில் சாய்தளம் கட்டலாம் என்றேன். "அப்போ அவன் எழுந்திருக்கவே மாட்டான்னு முடிவு பண்ணிட்டியா?" என்று அப்பா சத்தம் போட்டார். ஒருநாள் அடுப்படியில் அழுதேன். "இப்படி அழுதுகினு இருந்தா வீட்டுல நெகட்டிவ் எனர்ஜிதான் வரும்" என்றார் சித்தி.

போன வாரம் தம்பி சொன்னான்: "எல்லாரும் எனக்கு தைரியம் சொல்றாங்கக்கா, யாரும் எங்கிட்ட பேச மாட்றாங்க." எனக்கு மட்டும்தான் நம்பிக்கை இல்லையோ என்று பயமாக இருக்கிறது. நம்பிக்கை என்பதுதான் என்ன?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வீட்டில் நம்பிக்கையோடு இருப்பவர் நீங்கள்தான். சாய்தளம் கட்டலாம் என்று சொன்னவர் நீங்கள். தம்பி வாசலைத் தாண்டுவான், தெருமுனை டீக்கடைக்குப் போவான், நாலு பேரோடு பேசிவிட்டுத் திரும்புவான் என்று உங்கள் மனதில் ஒரு படம் இருந்ததால்தான் அந்தப் பேச்சு வாயில் வந்தது. மற்றவர்கள் மனதில் இருக்கும் படத்தில் அவன் நடக்கிறான். அது வரும்வரை கட்டிலில் கிடக்கிறான்.

இதை நான் ஆறுதலுக்காக எழுதவில்லை. அந்தக் கட்டில் ஆபத்தானது. தம்பிக்கு மார்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் நமக்கு வலிக்கிறது, தூக்கத்திலேயே புரண்டுவிடுகிறோம். அவனுக்கு அந்த வலி வராது. படுக்கைப் புண் வந்து, எலும்புவரை ஆழமான பிறகும் அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டச் சொல்லி வார்டில் சொல்லியிருப்பார்கள். வீல்சேரில் உட்கார்ந்தால் அடிக்கடி கையை ஊன்றி எழும்பி உடம்புக்கு இடம் கொடுக்க வேண்டும். தினமும் இடுப்பு, குதிகால், முதுகு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், அவனே கண்ணாடி வைத்துப் பார்க்கப் பழக வேண்டும். ஆனால் "இன்னும் கொஞ்ச நாளில் சரியாகிவிடும்" என்று நம்பும் வீட்டில் யார் இதையெல்லாம் கற்றுக்கொள்வார்கள்? சரியாகப்போகிற உடம்புக்குக் கண்ணாடி எதற்கு?

உங்கள் மாவட்டத்துக்கே இந்தப் பாடம் பழையது. 1940-களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளின் கைகளை ஆராய்ந்தார். நோய் சதையை அழுகவைத்து விரல்களைத் தின்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். அவர் கண்டது வேறு. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைத் தொடுகிறார்கள், கல் குத்திய காலோடு நடக்கிறார்கள், காயத்தின் மேல் காயம் படுகிறது, விரல் போகிறது. மடங்கிப்போன விரல்களை வேறு தசைநாணை இழுத்துக் கட்டி நிமிர்த்தினார். ஆனால் அந்தக் கை நிலைக்க வேண்டுமானால், தினமும் கையையும் காலையும் உற்றுப் பார்க்கும் பழக்கம் நோயாளிக்கு வேண்டியிருந்தது. பிறகு 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆய்வு மையமும் அந்த வேலையைத் தொடர்ந்தது. எங்கே உணர்ச்சி இல்லையோ அங்கே கண்ணால் பார்ப்பது. இதைவிடப் பெரிய நம்பிக்கை எனக்குத் தெரியவில்லை.

அந்த பிராண்டிடம் வேலை பார்த்த மேரி வர்கீஸைப் பற்றி உங்கள் தம்பிக்குக் கட்டாயம் சொல்லுங்கள். இளம் டாக்டர். 1954-இல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டார். இனி நின்றுகொண்டு ஆபரேஷன் செய்ய முடியாது. அப்படியானால் உட்கார்ந்தே செய்யக்கூடியது எது? கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடி செய்யலாம் என்றார் பிராண்ட். வீல்சேரில் உட்கார்ந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்தார் மேரி. அப்புறம் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டதற்கு அவரே காரணம். 1972-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அவருடைய கதையைத் தன்னம்பிக்கை வீடியோக்காரர்களும் சொல்வார்கள். "மன உறுதி இருந்தால் எதையும் சாதிக்கலாம்" என்று முடிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் சாதித்தது, நடக்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு அதிலிருந்து அடுத்த கேள்வியைக் கேட்டதால். கேட்க ஒரு பிராண்ட் பக்கத்தில் இருந்ததும், சிகிச்சையும் படிப்பும் கிடைத்ததும் சேர்ந்துதான். எல்லோருக்கும் அது அமைவதில்லை. அமையாதவர்களிடம் போய் மன உறுதி போதவில்லை என்று சொல்வது பாவம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கலங்கவைத்தது மாமாவின் பேச்சு. அவர் பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் வைகாசி முதல் தேதி வரும். சிரசு ஊர்வலம் வீதியில் வரும். தம்பி கட்டிலில் இருப்பான். அன்றைக்கு அவனிடம் என்ன சொல்வார்கள்? "நீ முழுசா நம்பலை" என்று யாராவது சொல்லிவிட்டால்? வாயால் சொல்லாவிட்டாலும், நல்லதே நினைத்தால் நல்லதே நடக்கும் என்று ஒரு வருஷம் கேட்டவன், நடக்காதபோது தன் நினைப்பைத்தானே குற்றம் சொல்வான்? கால் போனது போதாதென்று பழியையும் அவன் தலையில் வைக்கிறோம். தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2007-இல் வெளியானது. மனம் நல்ல நிலையில் இருந்தவர்கள் அதனால் கூடுதல் காலம் வாழவில்லை என்பதே முடிவு. சோர்ந்துபோன நோயாளிகளுக்கு அது ஒரு விடுதலை என்றே நான் படித்தபோது நினைத்தேன். அழுததால் யாரும் தன் நோயை வளர்த்துவிடவில்லை. சித்திக்கும் இதைச் சொல்லலாம். நீங்கள் அழுங்கள்.

வேண்டுதலை நான் குறை சொல்லவில்லை, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கெங்கையம்மனிடம் மாமா மனதாரக் கேட்கட்டும். அம்மனிடம் கேட்பதற்காக வீல்சேரைப் புடவையால் மூட வேண்டியதில்லை. அதில் உட்கார்ந்தே தம்பி வீதிக்கு வந்து தேங்காய் உடைக்கலாம், கைகள் நன்றாகத்தானே இருக்கின்றன.

அப்பாவிடம் கோபப்படாதீர்கள். மகன் நடப்பான் என்று அவர் சொல்வது அவர் பயம் பேசும் பேச்சு. வாயை மூடினால் உடைந்துவிடுவோம் என்று தோன்றும் மனிதர் அப்படித்தான் சத்தம் போடுவார். அவரை உட்காரவைத்து, "உனக்கும் பயமா இருக்காப்பா?" என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள். யாரும் அவரிடமும் பேசியிருக்க மாட்டார்கள்.

சத்தியத்தைப் பற்றி. தம்பிக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும். "யாரும் எங்கிட்ட பேச மாட்றாங்க" என்பதற்கு வேறு என்ன அர்த்தம்? இருந்தாலும் நீங்கள் தனியாக அந்தச் சுமையைத் தூக்க வேண்டாம். அடுத்த செக்கப்புக்கு அப்பாவையும் அழைத்துப் போய், டாக்டரே தம்பியிடம் நேராகச் சொல்லும்படி கேளுங்கள். அவன் கேள்வி கேட்கட்டும். நடப்பதைப் பற்றி மட்டும் கேட்க மாட்டான். சிறுநீர், கல்யாணம், வேலை என்று உங்கள் முன் கேட்கக் கூச்சப்படுவதெல்லாம் இருக்கும். அப்போது நீங்கள் வெளியே போய்விடுங்கள். அதன்பிறகு சில வாரங்கள் அவன் பேசாமல் கிடக்கலாம், சாப்பிடாமல் அடம்பிடிக்கலாம். வீடியோ அனுப்பி அதை அவசரமாக மூட வேண்டாம், பக்கத்தில் இருங்கள். தூக்கமே இல்லை, உயிரை விட்டுவிடலாம் என்பது போலப் பேசினால் மட்டும் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வேலூருக்கு வரும்போது பாகாயம் மையத்தில் விசாரியுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள். இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் தரும் திட்டமும் அங்கேதான். தம்பிக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

சாய்தளத்துக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. அதைவிடச் செங்குத்தாகக் கட்டினால் அவனால் தனியாகத் தள்ளி ஏற முடியாது, இறங்கும்போது வண்டி ஓடிவிடும். உங்கள் வாசற்படி இரண்டு அடி என்றால் 24 அடி வேண்டும். நேராக இடம் இல்லையென்றால் திண்ணையை ஒட்டி வளைத்துக் கட்டலாம், திரும்பும் இடத்தில் வண்டி நிற்கும் அளவுக்குச் சமதளம் விட்டு. டாக்டர் பேசி முடித்து கொஞ்ச நாள் போனபிறகு, அளவெடுக்கும் வேலையை அப்பாவிடமே கொடுங்கள். எந்தப் பக்கம் இறங்கினால் வசதி என்று தம்பி சொல்லட்டும்.

அன்புடன்.